எல்லாத்துக்கும் குடுத்தது

ஆகஸ்ட் 14 சாயங்காலம் ஆனால் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வாத்தியார் அப்புச்சியைத் தேடி வருவார். "நாளைக்குக் கொடியேத்தறமுங்க. மெடலெல்லாம் குத்திக்கிட்டு வந்து முன்னால உக்காரோணுமுங்க" என்பார். அப்புச்சி சரி என்று தலையாட்டுவார். மறுநாள் வெளுத்த சட்டை வேட்டியோடு போய்ப் பிள்ளைகளுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். சட்டையில் ஒன்றும் இருக்காது. ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"அதெல்லாம் எல்லாத்துக்கும் குடுத்ததுங்க."

அம்மாவின் அப்பா அவர். கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்தார். அவர் சொல்வது பொய்யில்லை. வாங்கிய நாலு மெடலில் ஒன்றுகூட அவரைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குத்தியதல்ல. அந்தக் காலத்தில், அந்தக் கடலில், அந்த நாளில் வேலையில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தவைதான். ஆனால் அந்த "எல்லாத்துக்கும்" என்ற சொல்லை அவர் சொல்கிற வேகத்தில் நான் கடந்துபோக விரும்பவில்லை. அதற்குள் ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் முப்பது வயதுவரை தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வேலந்தாவளம் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், சந்தையில் இரண்டும். அப்புச்சி 1948-ல் பிறந்தபோது சித்தூர் கொச்சி ராஜாவின் சீமையில் இருந்தது. அடுத்த வருஷம் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. அவருக்கு எட்டு வயதானபோது கேரளம் ஆனது. "வூடு ஒரே எடத்துலதான் இருந்துச்சு கண்ணு, ராச்சியந்தான் வந்து வந்து போச்சு" என்பார்.

கேரளம் என்றதும் எல்லோருக்கும் மழையும் காயலும்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் அப்படியில்லை. நாங்கள் மழை மறைவில் இருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் மேகத்தை நிற்க விடாது. கடலைக்காடு, சோளக்காடு, கள் இறக்குகிற தென்னை. கிணற்றில் தண்ணீர் இருந்தால்தான் அந்த வீட்டுக்குப் பெண் கொடுப்பார்கள். அப்புச்சியின் அம்மா ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்திருக்கிறார். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் வரப்போகிற கதை முழுவதும் தண்ணீர்தான்.

1966. அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. வீட்டில் ஐந்து பிள்ளைகள், மூத்தவர் இவர். கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கூட இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு போனார். மற்ற இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். அப்புச்சிக்கு மார்பளவு சரியாக இருந்தது. அதுவரை அவர் பார்த்தது கடலையைத்தான், கடலைப் பார்த்ததில்லை. பாய்லர் வேலை படிக்க அனுப்பிய இடமோ லோனாவாலா. பம்பாய்க்கும் புனாவுக்கும் நடுவில், மலைமேல். ஐஎன்எஸ் சிவாஜி என்ற கடற்படையின் எஞ்சினியரிங் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பேருக்கு முன்னால் ஐஎன்எஸ் என்று இருந்ததால் கப்பலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தாராம். போய்ப் பார்த்தால் மூணாறு மாதிரி மஞ்சும் மழையும்.

அங்கிருந்து வெளியே வரும்போது அவர் ஸ்டோக்கர். காகிதத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் பிரிவு என்று நீளமாக இருக்கும். கப்பலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஸ்டோக்கர்தான். கரி அள்ளிப் போட்ட காலத்துப் பெயர் அது. அப்புச்சி போனபோது கரி போய், ஃபர்னஸ் ஆயில் வந்துவிட்டது. வேலையின் சூடு மட்டும் போகவில்லை.

அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி இப்போதும் எங்கள் வீட்டு அட்டாலியில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் எண், ரேங்க், பெயர். ரேங்கை மட்டும் மூன்று தடவை அடித்து அடித்து எழுதியிருப்பார். இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, லீடிங், கடைசியில் பெட்டி ஆபீசர். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியதால்தான் பெட்டி ஆபீசர் என்று ஊரில் பலர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்புச்சி யாரையும் திருத்தவில்லை.

அவர் அதிக காலம் வேலை பார்த்த கப்பல் விக்ராந்த். இப்போது இருக்கிறதல்ல, முதல் விக்ராந்த். 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் வைத்து நம் கொடி ஏற்றிய விமானந்தாங்கிக் கப்பல். எழுநூறு அடி நீளம், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். மேல்தளத்தில் விமானமும் காற்றும் வெயிலும். அதற்கெல்லாம் கீழே, கடல்மட்டத்துக்கும் கீழே, பாய்லர் அறை.

அதைப் பற்றி அப்புச்சியைப் பேச வைக்க எனக்குப் பல வருஷம் ஆனது. மெடலைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்க மாட்டார். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோதுதான் திறந்தார். ஒரு நாள் எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்று நான் அலுத்துக்கொண்டேன். "கடல்தண்ணியில ஒரு தடவ குளிச்சுப் பாரு, அப்பத் தெரியும்" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு ராத்திரி பத்து மணிவரை பேசினார்.

கப்பலைச் சுற்றிலும் தண்ணீர், ஒரு மடக்குக்கும் உதவாது. அதனால் கடல்நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்து நல்ல தண்ணீர் எடுப்பார்கள். அதற்கு ஒரு எந்திரம், ஈவாப்பரேட்டர். அப்படி எடுத்த தண்ணீரில் முதல் பங்கு மனுஷனுக்கு இல்லை, பாய்லருக்கு. பாய்லருக்குள் துளி உப்புப் போனாலும் குழாயின் உட்புறம் படிவு கட்டும். படிவு கட்டிய இடம் பழுக்கச் சூடேறி ஒரு நாள் வெடிக்கும். ஆகவே நல்லதிலும் நல்ல தண்ணீர் பாய்லருக்கு. மிச்சம்தான் குடிக்க, சமைக்க, முகம் கழுவ. "எங்கம்மா ஒரு கொடத்துக்கு ஒன்றரை மைல் நடந்துச்சு. அவ பெத்த பையன் ஒரு நாளைக்கு டன் கணக்குல தண்ணி காச்சி எந்திரத்துக்கு ஊத்துனான்" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

உப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார்கள். தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர். பால் விட்ட மாதிரி கலங்கினால் உப்பு ஏறிவிட்டது, ஓடு, வால்வைச் சாத்து, எங்கே ஒழுகுகிறது என்று பார். கடற்படையை விட்டு வந்த பிறகு அப்புச்சி ஒரு மில்லில் பாய்லர் பார்த்தார். அங்கிருந்து ஒரு சின்ன பாட்டில் அந்த மருந்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார். எங்கள் தோட்டத்தில் புதிதாக போர்வெல் போட்ட அன்று அவர் அதைச் செய்து பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு விரலால் குழாயைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினார். சொட்டு விட்டார். தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு நூல் இறங்கி, பிரிந்து, குழாய் முழுவதும் மோர் மாதிரி ஆனது. அப்புச்சி ஒன்றும் சொல்லாமல் அதை மண்ணில் ஊற்றினார். போர்வெல் போட்டவரிடம் கூலியைக் கொடுத்து அனுப்பினார்.

பாய்லர் அறையில் வாட்ச் என்பது நாலு மணி நேரம். ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் வருவதுதான் கொடுமை என்பார். சட்டை முதுகில் ஒட்டிக் காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காயும். காய்ந்த இடத்தில் உப்புப் பூக்கும். அடுப்பின் சின்னக் கண்ணாடித் துளை வழியாக நெருப்பின் நிறம் பார்க்க வேண்டும். புகைபோக்கியில் போகிற புகை கறுத்தால் காற்றுப் போதவில்லை, வெளுத்தால் காற்று அதிகம். இரண்டுமே தப்பு. போர்க்காலத்தில் புகை கறுத்தால் பத்து மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிரிக்கு நாமே ஆள் விட்டுச் சொன்ன மாதிரி.

1970-ல் விக்ராந்தின் பாய்லர்களில் கோளாறு தெரிந்தது. தண்ணீர் நிற்கிற டிரம்மில் வெடிப்பு. வெல்டிங் வைத்துச் சரிசெய்கிற வெடிப்பல்ல. புது டிரம்முக்கு இங்கிலாந்துக்கு எழுதினார்கள். அது வருவதற்குள் யுத்தம் வரும் போலிருந்தது. கடைசியில், அழுத்தத்தைக் குறைத்து வைத்து ஓட்டலாம் என்று முடிவானது. 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகம் போகவேண்டிய கப்பல் அதில் பாதிச் சொச்சத்தில் போக வேண்டிய நிலை. விமானந்தாங்கிக்கு வேகம் குறைந்தால் வேறொரு சிக்கலும் உண்டு. கப்பல் காற்றை எதிர்த்து ஓடும் வேகமும் சேர்ந்தால்தான் விமானம் எழும்பும். எங்கள் கணவாய்க் காற்றில் பட்டம் விட்டு வளர்ந்த அப்புச்சிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வெடிப்பு விட்ட பாய்லர் பக்கத்துல நிக்கறப்ப பயமா இல்லீங்களா அப்புச்சி?" என்று கேட்டேன்.

"வெடிச்சாத் தெரியாது கண்ணு. அதுதான் ஒரு தைரியம்."

1971 டிசம்பர். விக்ராந்தை மூழ்கடிக்கவென்று வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் காசி, 3-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. 4-ஆம் தேதியிலிருந்து அதன் சீ ஹாக், அலிஸே விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்கு வங்கத்துக்கு, அதாவது இன்றைய பங்களாதேஷுக்கு, கடல்வழி அடைபட்டது. இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் பெயர் இருக்கிறது, விமானிகள் பெயர் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த சக்கர விருதுகள் அத்தனைக்கும் அவர்கள் தகுதியானவர்கள்தான். அதில் எனக்குக் குறையொன்றுமில்லை.

ஆனால் அந்த யுத்தத்தை அப்புச்சி பார்க்கவே இல்லை. ஒரு விமானம் எழும்பியதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. எழும்பியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் அன்றைக்கு ராத்திரி சொன்னார்.

விக்ராந்தில் விமானத்தை முன்னால் தள்ளிவிட நீராவிக் கவண் ஒன்று இருந்தது. கேட்டபுல்ட் என்பார்கள். அதற்கு நீராவி வருவது இதே பாய்லரிலிருந்துதான். மேலே ஒரு விமானத்தைத் தள்ளிவிட்டதும் கீழே பிரஷர் கேஜில் ஊசி சட்டென்று இறங்கும். "ரெண்டு நூலுதான் எறங்கும். உத்துப் பாத்தாத்தான் தெரியும். உடனே எண்ணெயக் கூட்டி அதைய மறுக்கா மேல ஏத்தோணும். ஏத்தலீன்னா அடுத்தவன் போக முடியாது." கையைத் தூக்கி ஆள்காட்டி விரலைக் கேஜின் ஊசி மாதிரி வைத்து, இறக்கி, மெல்ல ஏற்றிக் காட்டினார். எழுபது வயது விரல், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஊசி. ஏற்றும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஒவ்வொரு தடவை ஊசி இறங்கும்போதும் இரும்புத் தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்களாம். கோட்டை எண்ணினால் எத்தனை பேர் போனார்கள் என்று தெரியும். ஆனால் விமானம் திரும்பி வந்து இறங்கும்போது ஊசி ஆடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. வாட்ச் மாற மேலேயிருந்து ஆள் வரும்போது முதல் கேள்வி அதுதான். "எத்தன வந்துச்சு?" கணக்கு ஒத்துவந்தால் சாப்பிடப் போவார்கள்.

இந்த இடத்தில் குக்ரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டிசம்பர் 9, ராத்திரி. மேற்கே, தியூவுக்கு அப்பால், ஐஎன்எஸ் குக்ரியை டார்பிடோ தாக்கியது. சில நிமிஷத்தில் கப்பல் முழுகிவிட்டது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடு போனார். மொத்தம் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். லோனாவாலாவில் அப்புச்சிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் அந்த 176 பேரில் ஒருவர். சேதி அப்புச்சிக்கு வந்து சேர்ந்தது யுத்தம் முடிந்த பிறகு. ராத்திரி நேரம், வாட்சில் இருந்திருந்தால் கீழேதான் நின்றிருப்பார். அதைப் பற்றி அப்புச்சி அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, மெடலுக்கு வருகிறேன்.

ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஃபிளானல் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஐந்து முனை நட்சத்திரமாக இருந்தது பூர்வி ஸ்டார். 71 யுத்தத்தில் கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்கு அது. மேற்குப் பக்கம் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். அடுத்தது சங்க்ராம் மெடல், அதே யுத்தத்துக்குப் பரவலாகக் கொடுத்தது. மூன்றாவது, சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் உண்டு. நாலாவது 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். 1975-ல் அவருக்கு அந்தத் தகுதி வந்தது. சட்டையில் தினமும் போடுகிற ரிப்பன் முதலில் வந்துவிடும், உலோகம் பின்னால் ஆடி அசைந்து வரும் என்பார்.

வட்ட மெடல்களின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் எண்ணும் ரேங்கும் பெயரும் வெட்டியிருக்கும். இது எனக்கு முதலில் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தால்தான் எழுத்து எழும்பும். பெயரில் ஒரு எழுத்துக் குறைவு. அப்பா பெயரின் இனிஷியலை விரித்து எழுதியதில் அதுவும் பாதி தப்பு. ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதியவர் அதே பெயரை வேறு மாதிரி எழுதிவிட்டார். பென்ஷன் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. எல்லையில் இருப்பவர்களுக்கு இது பழக்கம்தான், எங்கள் ஊரில் ஒரே பெயர் இரண்டு காகிதத்தில் ஒன்றுபோல் இருந்தால்தான் அதிசயம். இதற்காக ஒரு அலுவலகத்துக்கு அவர் எட்டு மாசம் நடந்திருக்கிறார். "நீங்கதான் இவருன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டவரிடம், பையிலிருந்து சங்க்ராம் மெடலை எடுத்து விளிம்பைக் காட்டினாராம். எண் சரியாக இருந்தது. பெயரை விட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வேலை முடிந்தது.

இப்போது அந்த டின்னில் இருப்பவை மூன்று. நாலாவது தொலைந்ததற்கு நான்தான் காரணம்.

1997-ல் எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட லீவு. வாய்க்கால் மேட்டில் நொண்டி ஆடினோம். சில்லுக்கு ஓட்டாஞ்சல்லி எடுத்தால் உடைந்துகொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் டின்னைத் திறந்து, 25-ஆம் ஆண்டு மெடலை ரிப்பனைக் கழற்றிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். கனமாக, சரியாக விழுந்தது. மூன்று ஆட்டம் நானே ஜெயித்தேன். நாலாவதில் அது விளிம்பில் நின்று உருண்டது. உருண்டு உருண்டு வாய்க்காலுக்குள் போய்விட்டது. வாய்க்கால் மாசக்கணக்கில் காய்ந்து, முட்டியளவுக்குச் சருகும் செடியும். இருட்டும்வரை நாலு பேரும் தேடினோம். வீட்டில் சொல்லவில்லை. விடிந்ததும் தேடலாம் என்று இருந்துவிட்டேன்.

விடிகாலையில் ஊரே சத்தம் போட்டது. தண்ணீர் வந்துவிட்டது.

அது என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். 1970-ல் இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்டது. அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது ஒவ்வொரு வருஷமும் ஒரு பஞ்சாயத்து. வாய்க்காலில் தண்ணீர் வருகிற நாள் எங்களுக்குப் பொங்கலை விடப் பெரிய நாள். பெண்கள் ஓடிவந்து கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செந்தண்ணீர் வாய்க்கால் நிறைய வந்துகொண்டிருந்தது. நான் கரையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அப்புச்சி பக்கத்தில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"தண்ணி வந்துருச்சு பாரு கண்ணு. உடு."

அம்மிச்சிதான் அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தக் குற்றம் என்னை விடவில்லை. வேலைக்குப் போய்க் கையில் காசு வந்ததும் தேட ஆரம்பித்தேன். டெல்லி கண்டோன்மென்டில் கோபிநாத் பஜார் என்று ஒரு கடைவீதி, ராணுவச் சாமான் எல்லாம் கிடைக்கும். மெடலின் நகலும் கிடைக்கும். ஒரிஜினல் வந்து சேராமல் பணியில் இருப்பவர்களே அங்கே நகல் வாங்கிக் குத்திக்கொள்வது உண்டு. கூட வேலை பார்க்கும் அக்காவின் தம்பி மூலமாக அந்த 25-ஆம் ஆண்டு மெடலை வரவழைத்தேன். ரிப்பனோடு, பளபளவென்று. 2018 தீபாவளிக்கு அப்புச்சி கையில் வைத்தேன்.

அவர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக விளிம்பைத்தான் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, முழுச் சுற்றும் திருப்பினார். வழவழவென்று இருந்தது.

"இது யாரோடதும் இல்லியே கண்ணு" என்று என் கையிலேயே திருப்பி வைத்தார். கோபமில்லை. யாரோ தொலைத்ததை எடுத்தவர் சொந்தக்காரரைத் தேடுகிற மாதிரிதான் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாத்துக்கும் குடுத்தது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த எல்லோரிலும் தான் எந்த ஒருவர் என்பது வெட்டியிருக்கும் இடத்தைத்தான் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குக்ரியில் போனவருக்கும் ஒரு சங்க்ராம் மெடல் வீட்டுக்கு வந்திருக்கும். அதே உலோகம், அதே அச்சு. விளிம்பு மட்டும் வேறு. இதை நான் சொன்னபோது, "அவனுக்கும் இதேதான் குடுத்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். சட்டையில் குத்திக்கொள்ளாததற்குக் காரணம் அதுவா என்று எனக்குத் தோன்றியது. கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. அவராகச் சொல்லாததை நான் எழுதக் கூடாது.

நகலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பாலக்காட்டில் ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்து மூன்று மெடலையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தேன். நாலாவது இடத்தில் அன்றைக்கு நான் கழற்றிப் போட்ட பழைய ரிப்பன் மட்டும் தொங்குகிறது. "ஒண்ணு குறையுதே, நடுவுல நகர்த்தி வெச்சுடட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

1981-ல் பென்ஷனோடு வந்தார். மில் வேலை, தோட்டம், நவம்பர் ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கப் போவது, கேன்டீனில் சாமான் வாங்கி ஊரெல்லாம் பங்கு வைப்பது. மற்றபடி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரையும் போலத்தான் வாழ்ந்தார், வாழ்கிறார். 1997 ஜனவரியில் விக்ராந்த் ஓய்வு பெற்றதைப் பேப்பரில் படித்தார். மும்பையில் அருங்காட்சியகமாகக் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு உடைத்தார்கள். அந்த இரும்பைச் சேர்த்து பஜாஜ் கம்பெனி வி என்ற பைக் விட்டபோது, பொள்ளாச்சியில் ஒரு ஷோரூம் வாசலில் நின்றிருந்த வண்டியின் டேங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. விற்பனைப் பையன் வந்து மைலேஜ் சொல்ல ஆரம்பித்ததும் கையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

2022 செப்டம்பர் 2. கொச்சிக் கப்பல்கட்டும் தளத்தில் புது விக்ராந்தைக் கடற்படையில் சேர்த்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் கட்டிய கப்பல். காலையிலேயே குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். கடற்படைக் கொடியில் இருந்த சிவப்புச் சிலுவையை எடுத்துவிட்டுச் சிவாஜியின் முத்திரை வடிவில் புதுச் சின்னம் வைத்ததைக் காட்டினார்கள். "நம்ம ஸ்கூல் பேரு" என்று சந்தோஷப்பட்டார். 262 மீட்டர் நீளம் என்று சொன்னபோது மனசுக்குள் அடிக்கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"பாய்லர் எத்தன போட்டிருக்கறாங்க, பாத்துச் சொல்லு" என்றார்.

போனில் பார்த்தேன். "பாய்லரே இல்லீங்க அப்புச்சி. நாலு கேஸ் டர்பைன்."

"கேட்டபுல்ட்டு?"

"அதும் இல்லீங்க. முன்பக்கம் மேல வளைச்சுக் கட்டியிருக்குது. விமானம் அது வேகத்துலயே ஓடிப்போயி எழும்பிக்கும்."

டிவியில் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தது. அப்புச்சி அதைப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரல் மடிமேல் தானாக ஒரு தரம் இறங்கி ஏறியது.

"அப்ப ஊசி ஆடாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"மேல ஒருத்தன் போயிட்டான்னு கீழ நிக்கறவனுக்கு எப்பிடிக் கண்ணு தெரியும்?"